ஜப்பானியச் சட்டம் தேடும் ஏஐ ஏஜென்ட்களுக்கு ஒரு சேமிப்புக் கருவி: ஆவணத்தில் எதை, எங்கே எழுதுவது?

கேள்வி
எழுதியவர்: ஆவணக்காரி

வணக்கம். டோக்கியோவில் நான்கு பேர் கொண்ட சிறு குழுவில் வேலை செய்கிறேன். மற்ற மூவரும் நிரல் எழுதுகிறார்கள். அவர்கள் செய்த கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் இரண்டு முறை தவறிவிட்டேன். மூன்றாம் முறை தவறக் கூடாது என்பதால் இங்கே கேட்கிறேன்.

கருவி இதுதான். ஜப்பானின் டிஜிட்டல் முகமை நடத்தும் இ-கவ் சட்டத் தேடல் தளத்துக்கு ஓர் ஏபிஐ, அதாவது நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்டு வாங்கும் வழி, உண்டு. அதிலிருந்து சட்ட வாசகத்தை ஒருமுறை வாங்கி, எங்கள் பக்கத்தில் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறோம். ஏஐ ஏஜென்ட், அதாவது கருவிகளைத் தானே இயக்கி விடை தேடும் செயற்கை நுண்ணறிவு நிரல், மறுபடி கேட்டால் அங்கிருந்தே எடுத்துத் தருகிறோம். இதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. ஒரு கேள்விக்கு விடை தேடும்போது ஏஜென்ட் உரிமையியல் சட்டத்தைப் பத்துப் பதினைந்து முறை புரட்டும். பிரிவு எண் 1050 வரை போகும் அந்தச் சட்டத்தை ஒவ்வொரு முறையும் அரசின் சேவையகத்திலிருந்து இழுப்பது பொதுச் சேவையை மதிக்கும் செயல் ஆகாது.

நான் 38 பக்கத்துக்குக் கையேடு எழுதினேன். நிறுவும் முறை, கட்டளைகள், பிழைச் செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. சேமிப்பைப் பற்றிய பகுதியில் இப்படி ஒரு வரி: "சேமித்த பிரதி 30 நாளில் காலாவதியாகும்."

முதல் தவறு அங்கிருந்துதான் வந்தது. 2025 மே 20 அன்று எங்கள் கருவி தண்டனைச் சட்டத்தை வாங்கி வைத்திருந்தது. ஜூன் 10 அன்று ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பரிசோதனை நடந்தது. "இன்று ஒருவர் திருடினால் என்ன தண்டனை?" என்ற கேள்விக்கு ஏஜென்ட் பிரிவு 235ஐ எடுத்து, 10 ஆண்டு வரை "சோஎகி" அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம் என்று எழுதியது. சோஎகி என்பது கட்டாய வேலையுடன் கூடிய சிறை. ஆனால் ஜூன் 1 முதல் அந்தத் தண்டனையே இல்லை. அதையும், வேலை இல்லாத சிறையான "கின்கோ"வையும் ஒன்றாக்கி "கோகின்கெய்" என்ற ஒரே தண்டனையாக மாற்றிய திருத்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கணக்கில் பிரதிக்கு இன்னும் ஒன்பது நாள் ஆயுள் இருந்தது. சட்டத்தின் கணக்கில் அதன் நாள் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

வெட்கமாக இருந்தது. உடனே 30 நாளை 1 நாளாக்கினோம். கையேட்டிலும், ஏஜென்ட்டுக்குக் காட்டும் கருவி விளக்கத்திலும், "எப்போதும் மிகப் புதிய வாசகத்தையே பயன்படுத்தவும்" என்று எழுதினேன்.

அந்த வரி இரண்டாம் தவறைக் கொண்டுவந்தது. வட்டி விகிதம் பேசாமல் கொடுத்த ஒரு கடன். வட்டி 2018 முதல் ஓடுகிறது. சட்டப்படி என்ன விகிதம் என்று கேட்டார்கள். ஏஜென்ட் நான் சொன்னபடியே புதிய வாசகத்தை எடுத்து, உரிமையியல் சட்டம் பிரிவு 404ஐப் படித்து, 3 சதவீதம் என்றது. 3 சதவீதம் 2020 ஏப்ரல் 1 முதல்தான். அதற்கு முன்பே வட்டி ஓடத் தொடங்கிய கடனுக்குப் பழைய 5 சதவீதமே தொடரும். திருத்தச் சட்டத்தின் துணை விதிகளில் அது இருக்கிறது. "நாஓ ஜூசென் நோ ரெய் நி யோரு", அதாவது முன்பிருந்தபடியே என்று. ஏஜென்ட் அந்தப் பக்கம் போகவே இல்லை. போகச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை.

முதலில் பழையதைக் கொடுத்துத் தவறினோம், பிறகு புதியதைக் கொடுத்துத் தவறினோம். அப்படியானால் நான் என்னதான் எழுத வேண்டும்? நாள் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் தீர்வல்ல என்று மட்டும் புரிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் கையேட்டின் 38 பக்கங்களை எந்த ஏஜென்ட்டும் படிப்பதில்லை. அதன் கண்ணில் படுவது கருவியின் பெயர், நாலைந்து வரி விளக்கம், உள்ளீடுகளின் குறிப்பு, பிறகு திரும்பி வரும் விடை. மனிதருக்கான ஆவணத்தையும் ஏஜென்ட்டுக்கான ஆவணத்தையும் நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்? சட்டத் துறையில் இருப்பவர்களும் பதில் சொன்னால் நன்றி உடையவளாவேன்.


மறுமொழி 1
எழுதியவர்: சட்ட மொழிபெயர்ப்பாளர்

அம்மா, உங்கள் சிக்கல் "காலாவதி" என்ற சொல்லில் இருக்கிறது. நாம் சட்டத்துக்கும் அதே சொல், மருந்துப் புட்டிக்கும் அதே சொல், கணினியில் வைத்த பிரதிக்கும் அதே சொல் பயன்படுத்துகிறோம். உங்கள் கையேட்டில் இரண்டு வேறு நாள்கள் அந்த ஒரே சொல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

ஒன்று, பிரதியை வாங்கிய நாள். இது உங்கள் கருவியின் விஷயம். மற்றொன்று, அந்த வாசகம் நடைமுறையில் இருந்த காலம். இது சட்டத்தின் விஷயம். முதலாவது பழையதாகலாம். இரண்டாவது பழையதாகாது, முடிவடையும், அவ்வளவுதான். முடிவடைந்த பின்பும் அந்தக் காலத்தில் நடந்தவற்றுக்கு அதுவே சட்டம்.

உங்கள் முதல் தவறையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் திருடியவர் ஆகஸ்ட்டில் தண்டிக்கப்பட்டால், அவருக்குச் சோஎகிதான். எனவே ஜூன் 10 அன்று உங்கள் சேமிப்பில் இருந்த வாசகம் பொய்யான வாசகம் அல்ல. தன்மேல் நாள் எழுதப்படாத வாசகம். அதை அழித்துவிட்டுப் புதியதை வைத்திருந்தால், மே மாதத் திருட்டைப் பற்றிக் கேட்பவருக்குத் தவறான விடை போயிருக்கும். உங்கள் இரண்டாம் தவறும் இதே வகைதான்.

மூன்றாவதாக ஒரு நாளும் உண்டு. ஜப்பானில் சட்டம் நிறைவேறி, "கன்போ" என்ற அரசிதழில் வெளியாகும் நாளை "கோஃபு" என்பார்கள். நடைமுறைக்கு வரும் நாள் "ஷிகோ". இரண்டுக்கும் இடையே ஆண்டுகள் கூடப் போகும். வயதுவந்தோர் வயதை 20இலிருந்து 18 ஆகக் குறைத்த திருத்தம் 2018இல் நிறைவேறி, 2022 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மணவிலக்குக்குப் பின் பெற்றோர் இருவருக்கும் குழந்தைமீது உரிமை இருக்க வழிசெய்யும் திருத்தம் 2024 மே 24 அன்று வெளியானது. அதன் நடைமுறை நாள் 2026 ஏப்ரல் 1. இடைப்பட்ட காலத்தில் செய்திகளில் எல்லாம் "சட்டம் மாறிவிட்டது" என்று வரும். நீதிமன்றத்தில் பழைய விதிதான் செல்லும். "மிகப் புதிய வாசகம்" என்று நீங்கள் எழுதினால், ஏஜென்ட் இந்த இரண்டில் எதை எடுக்கும்?

என் யோசனை: காலாவதி என்ற சொல்லை ஆவணத்திலிருந்தே நீக்கிவிடுங்கள். பிரதிக்கு "மீண்டும் சரிபார்க்கும் நாள்" என்று எழுதுங்கள். சட்டத்துக்கு "நடைமுறை தொடங்கிய நாள்", "நடைமுறை முடிந்த நாள்" என்று எழுதுங்கள். "பழைய சட்டம்" என்று எழுதாதீர்கள், "முந்தைய வாசகம்" என்று எழுதுங்கள். பழைய என்ற சொல்லைப் பார்த்தாலே மனிதரும் அதை ஒதுக்குவார்கள், ஏஜென்ட்டும் ஒதுக்கும். என் தொழிலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதைப் பத்தாண்டாகப் பிடிவாதமாகக் காத்து வருகிறேன். அது வெறும் அழகுக்காக அல்ல.


மறுமொழி 2
எழுதியவர்: தரவுத்தள நிரலாளர்

முந்தைய பதிலை வழிமொழிகிறேன். இதை நிரலிலேயே கட்டிவைக்க இ-கவ் ஏபிஐ இடம் தருகிறது. இரண்டாம் பதிப்பில் எந்த நாளின் வாசகம் வேண்டும் என்று நாளைக் கொடுத்துக் கேட்கலாம், விடையை நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவிலும் வாங்கலாம். ஒவ்வொரு திருத்தப் பதிப்புக்கும் தனி அடையாள எண் உண்டு. சட்டத்தின் எண், நடைமுறை நாள், திருத்திய சட்டத்தின் எண் மூன்றும் சேர்ந்தது அது. சேமிப்பின் திறவுகோலாக, அதாவது சேமித்ததைத் தேடி எடுக்கும் அடையாளமாக, இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தின் பெயரை அல்ல. அப்போது ஒரு பதிப்பின் வாசகத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். அடிக்கடி சரிபார்க்க வேண்டியது "எந்த நாளுக்கு எந்தப் பதிப்பு" என்ற சிறிய பட்டியலை மட்டும்தான். ஒரு நாள், 30 நாள் என்ற விவாதமே அந்தப் பட்டியலுக்குத்தான் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. பதிப்பின் நடைமுறை நாள் சட்டம் முழுவதற்கும் உரியது. பிரிவு 404 எப்போது மாறியது என்பதை அது சொல்லாது. உரிமையியல் சட்டத்தின் வேறொரு மூலையில் ஒரு திருத்தம் வந்தாலும் நாள் மாறிவிடும். விடையின் தலைப்பில் வெறுமனே நாளைப் போட்டால், "இந்தப் பிரிவு அன்று திருத்தப்பட்டது" என்று ஏஜென்ட் எழுதிவிடும். அப்படி எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே "இந்த நாள் சட்டத்தின் பதிப்புக்கு உரியது, பிரிவுக்கு உரியதல்ல" என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள்.

சட்ட எண்ணை எப்படிப் படிப்பது என்பதையும் ஆவணத்தில் விளக்குங்கள். உரிமையியல் சட்டம் 129ஏசி0000000089. முதல் 1 மெய்ஜி காலம், 29 அதன் ஆண்டு, ஏசி என்றால் நாடாளுமன்றச் சட்டம், கடைசியில் 89ஆம் எண். தைஷோ 2, ஷோவா 3, ஹெய்செய் 4, ரெய்வா 5. ஏஜென்ட்கள் ஆண்டைப் பெயர்ப்பதில் அடிக்கடி ஒன்று கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. மெய்ஜிக்கு 1867, ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018 கூட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். மெய்ஜி 29 என்றால் 1896.

பிரிவு எண்ணிலும் பொறி உண்டு. பிரிவு 724 வேறு, 724-இன்-2 வேறு. முன்னது தவறிழைத்தவரிடம் இழப்பீடு கேட்கும் காலவரம்பு, அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. பின்னது உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேர்ந்தால் அந்த 3ஐ 5 ஆக்குகிறது. இடையில் சேர்த்த பிரிவுகளுக்கு ஜப்பானில் இப்படித்தான் கிளை எண் கொடுப்பார்கள். இதை 724இன் இரண்டாம் உட்பிரிவு என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டால் தவறான விடைதான் வரும்.

துணை விதிகள் இன்னும் மோசம். "ஃபுசோகு" என்று சட்டத்தின் இறுதியில் வரும் அந்தப் பகுதியில், ஒவ்வொரு திருத்தச் சட்டமும் தன் பங்கைச் சேர்த்துவிட்டுப் போகும். ஒவ்வொன்றும் தன் எண்ணை 1இலிருந்து தொடங்கும். உரிமையியல் சட்டத்தில் "பிரிவு 1" என்பது எத்தனையோ இடத்தில் இருக்கிறது. உங்கள் திறவுகோலில் சட்ட எண்ணும் பிரிவு எண்ணும் மட்டும் இருந்தால், பின்னால் வந்த பிரிவு 1 முன்னால் இருந்ததை அழித்துவிட்டு உட்காரும். அம்மா, நீங்கள் சொன்ன 5 சதவீதம் ஏஜென்ட்டின் கண்ணில் படாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சேமிப்பில் துணை விதிகள் முழுமையாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது வெற்று விடை. எஸ்கியூலைட்டின் முழுவாசகத் தேடலில் மூன்றெழுத்துத் துண்டுகளாக வெட்டும் முறையைப் பயன்படுத்துகிறீர்களா? ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு இடையே வெளி இல்லை என்பதால் பலரும் அதையே தேர்கிறார்கள். ஆனால் அதில் மூன்று எழுத்துக்குக் குறைவான சொல்லைத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஜப்பானியச் சட்டத்தின் அடிப்படைச் சொற்களில் பல இரண்டே எழுத்தில் எழுதப்படுபவை. மணவிலக்கு இரண்டு எழுத்து, வாரிசுரிமை இரண்டு எழுத்து, ஒப்பந்தம் இரண்டு எழுத்து.


மறுமொழி 3
எழுதியவர்: ஆவணக்காரி

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

துணை விதிகள் விஷயத்தில் நீங்கள் சொன்னதே நடந்திருக்கிறது. எங்கள் சேமிப்பில் உரிமையியல் சட்டத்தின் ஃபுசோகுவில் கடைசியாக எழுதப்பட்டவை மட்டும்தான் மிஞ்சியிருந்தன. ஆக, ஏஜென்ட் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. இத்தனை நாள் ஏஜென்ட் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்க வேண்டிய பக்கத்தை நாங்களே கிழித்து எறிந்திருக்கிறோம்.

வெற்று விடையும் உண்மை. "சோஸோகு", வாரிசுரிமை, என்று இரண்டு எழுத்தில் தேடினேன். விடை: 0. உரிமையியல் சட்டத்தின் ஐந்தாம் பாகம் முழுவதும், பிரிவு 882 முதல், வாரிசுரிமையைப் பற்றித்தான் பேசுகிறது. பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, ஒரு பரிசோதனையில் ஏஜென்ட் இந்த 0வைப் பார்த்துவிட்டு, "இதற்கு நேரடியான சட்ட விதி காணப்படவில்லை, பொதுக் கோட்பாடுகளின்படி..." என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிறது. கருவி விடை தராத போது அதற்கு என்ன பொருள் என்பதை நான் எங்குமே எழுதவில்லை. சட்டத்தில் இல்லை, சேமிப்பில் இல்லை, சொல் குட்டையாக இருந்ததால் தேடவே இல்லை, அரசின் சேவையகம் பதில் தரவில்லை என்று நான்கு வேறு நிலைகள். நாங்கள் நான்குக்கும் ஒரே வெற்றுப் பட்டியலைத் திருப்பிக்கொண்டிருந்தோம். மனிதர் என்றால் சந்தேகப்பட்டு மறுபடி கேட்பார். ஏஜென்ட் அந்த வெறுமையை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

ஆகவே ஏஜென்ட்டுக்கான ஆவணத்தில் பாதியை இனி விடைக்குள்ளேயே எழுதப்போகிறேன். குட்டையான சொல்லுக்குத் திரும்பும் வாசகம் இப்படி: "இந்தச் சொல் இரண்டு எழுத்தாக இருப்பதால் தேடல் நடக்கவில்லை. சட்டத்தில் இல்லை என்று பொருள் கொள்ளாதீர். பொருளடக்கத்தைக் கேட்கவும், அல்லது மூன்று எழுத்துக்குக் குறையாத தொடரால் தேடவும்." நிரலாளர்கள் இரண்டு எழுத்துச் சொல்லுக்கு வேறு வழியில் தேடச் செய்கிறோம் என்கிறார்கள். செய்யட்டும். அதுவரை இந்த வரி காவல் நிற்கும்.

கருவி விளக்கத்தின் முதல் வரைவும் தயார். மூலம் ஜப்பானிய மொழியில் இருக்கிறது, இங்கே தமிழில் தருகிறேன்:

"ஜப்பானியச் சட்டத்தின் வாசகத்தைத் தரும் கருவி. எந்த நாளின் சட்டம் வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், செயல் நடந்த நாளைப் பயனரிடம் கேட்கவும். இன்றைய நாளை ஊகித்துப் போட வேண்டாம். விடையில் மூன்று நாள்கள் இருக்கும்: பதிப்பின் நடைமுறை நாள், அடுத்த பதிப்பு தொடங்கும் நாள், நாங்கள் வாங்கிய நாள். பயனர் கேள்வி கேட்கும் நாளுக்கும் செயல் நடந்த நாளுக்கும் இடையே பதிப்பு மாறியிருந்தால், திருத்திய சட்டத்தின் துணை விதிகளையும் வாசித்த பின்னரே விடை எழுதவும்."

நாளைக் கட்டாய உள்ளீடாக்கியதை எங்கள் குழுவில் ஒருவர் எதிர்த்தார். பயன்படுத்துவது கடினமாகும் என்றார். கடினமாகத்தான் இருக்கும். இந்தக் கருவியில் இந்த ஒரு கேள்விக்குத் தானியங்கி விடை வைக்க எனக்கு மனமில்லை.

கையேட்டின் 38 பக்கங்களில் 20க்கு மேல் நீக்கிவிட்டேன். அவை எப்படியும் கருவி தானே சொல்லிவிடும் விஷயங்கள். மீதி மனிதருக்கு: எது சேமிக்கப்படுகிறது, எது சேமிக்கப்படுவதில்லை, தவறு நேர்ந்தால் எந்தப் பதிவைப் பார்ப்பது. வேறு எதை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி 4
எழுதியவர்: ஊதியக் கணக்கர்

நான் நிரலாளர் அல்ல. ஜப்பானில் ஊழியர்களின் ஊதியக் கணக்கைப் பார்க்கிறேன். உங்கள் வரைவில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

தொழிலாளர் தரநிலைச் சட்டம், ஷோவா 22ஆம் ஆண்டின் 49ஆம் சட்டம், பிரிவு 37ஐப் பாருங்கள். கூடுதல் நேர வேலைக்கு எவ்வளவு சேர்த்துத் தர வேண்டும்? 25 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையே "செய்ரெய்", அதாவது அமைச்சரவை ஆணை, வரையறுக்கும் விகிதம் என்று சட்டம் நிறுத்திக்கொள்கிறது. உண்மையான எண்கள் ஹெய்செய் 6ஆம் ஆண்டின் 5ஆம் ஆணையில் இருக்கின்றன: கூடுதல் நேரத்துக்கு 25, விடுமுறை நாள் வேலைக்கு 35. மாதம் 60 மணி நேரத்தைத் தாண்டினால் 50 என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதுவும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல்தான்.

சட்டத்தை மட்டும் சேமிக்கும் கருவி, சரியான நாளைக் கேட்டு வாங்கினாலும், "25 முதல் 50 வரை" என்று பாதி விடையோடு திரும்பும். ஊழியருக்கு அதனால் என்ன பயன்? ஜப்பானில் சட்டம், அமைச்சரவை ஆணை, அமைச்சக ஆணை என்று மூன்று அடுக்கு. "செய்ரெய் தே சதமேரு" என்ற தொடர் வாசகத்தில் வந்தால், விடை இந்தப் பக்கத்தில் முடியவில்லை என்று பொருள். உங்கள் கருவி ஆணைகளைச் சேமிக்கிறதா இல்லையா என்பதை ஆவணத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சேமிக்கவில்லை என்றால், அந்தத் தொடர் வரும் விடையின் கீழே "ஆணை எங்களிடம் இல்லை" என்று தெரிவியுங்கள்.

இன்னொன்று, சட்டங்களின் பேச்சுவழக்குப் பெயர். எல்லோரும் "தொக்கின்ஹோ" என்றுதான் சொல்வோம். அதன் முழுப் பெயர் தனியார் ஏகபோகத்தைத் தடைசெய்வது, நியாயமான வணிகத்தை உறுதிசெய்வது பற்றிய சட்டம் என்று நீண்டுகொண்டே போகும். சுருக்கப் பெயர் அந்த நீண்ட பெயருக்குள் தொடர்ச்சியாக எங்கும் இல்லை. சுருக்கப் பெயரைக் கொடுத்தால் கருவி புரிந்துகொள்ளுமா என்பதையும் எழுதுங்கள்.


மறுமொழி 5
எழுதியவர்: சட்ட மொழிபெயர்ப்பாளர்

ஊதியக் கணக்கர் சொன்னது பொன்னான கருத்து. அதோடு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

சில ஏஜென்ட்கள் ஜப்பானிய வாசகத்தை விட்டுவிட்டு, சட்ட அமைச்சகம் 2009 முதல் நடத்தும் ஆங்கில மொழிபெயர்ப்புத் தளத்துக்கு ஓடுகின்றன. அங்கே இருப்பவை மிகுந்த உழைப்பில் உருவானவை, நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றுக்குச் சட்ட வலிமை இல்லை. ஜப்பானிய மூலத்துக்கு மட்டுமே உண்டு. மூலத்தில் திருத்தம் வந்த பின்பும் மொழிபெயர்ப்பு முந்தைய பதிப்பிலேயே நிற்கலாம். அதையும் சேமித்தால் தனிப் பெட்டியில், எந்தப் பதிப்பின் மொழிபெயர்ப்பு என்ற குறிப்போடு வையுங்கள்.

சேமிக்க உரிமை உண்டா என்று யாரேனும் கேட்பார்கள். ஜப்பானின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 13 சட்டங்களுக்கும் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்கிறது. தனியார் பதிப்பாளர்களின் விளக்கவுரைக்கு அது பொருந்தாது. இந்த எல்லையை ஆவணத்தில் இரண்டு வரியில் எழுதுங்கள்.

மூன்றாவது, தீ. கவனக்குறைவால் பிறருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்ய வேண்டும் என்பது உரிமையியல் சட்டம் பிரிவு 709. அடுப்பை அணைக்க மறந்ததால் பக்கத்து வீடு எரிந்துபோனால்? ஏஜென்ட் 709ஐப் படித்துவிட்டு, ஈடுசெய்ய வேண்டும் என்று எழுதும். ஆனால் 1899ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம், தற்செயல் தீக்கு 709 பொருந்தாது, பெரும் கவனக்குறைவு இருந்தால் மட்டுமே பொருந்தும் என்கிறது. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மொத்தமே ஒரு வாக்கியம். அதில் பிரிவு எண்ணே கிடையாது. இன்று வழக்கமான ஹிரகனா எழுத்து இல்லை, கட்டகனா என்ற மற்றோர் எழுத்தில் பழைய நடையில் இருக்கிறது, ஒலிப்புக் குறிகளும் விடுபட்டிருக்கும். இன்றைய எழுத்தில் தேடினால் அகப்படாது. பிரிவு எண்ணைக் கட்டாயமாகக் கேட்கும் கருவியாலும் அதை எடுக்க முடியாது. ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கும். உங்கள் கருவியில் முயன்று பாருங்கள்.


மறுமொழி 6
எழுதியவர்: ஆவணக்காரி

முயன்றேன். எடுக்கவில்லை. பிரிவு எண் இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. ஒரு கருவியை ஆறு மாதம் ஆவணப்படுத்திவிட்டு, அதனால் ஒரு முழுச் சட்டத்தையே காட்ட முடியாது என்பதை இங்கே வந்து தெரிந்துகொண்டிருக்கிறேன். மிக்க நன்றி.

இந்த இழையிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்து ஆவணத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டேன்: திருட்டு, கடன் வட்டி, வாரிசுரிமை, கூடுதல் நேர ஊதியம், பக்கத்து வீட்டுத் தீ. ஒவ்வொன்றுக்கும் சரியான விடை என்ன, அதை எட்ட ஏஜென்ட் எந்தெந்த வாசகத்தை எந்த வரிசையில் கேட்க வேண்டும், எங்கே வழுக்கும் என்று எழுதியிருக்கிறேன். புதிதாகச் சேரும் நிரலாளருக்கும் இதுதான் முதல் பக்கம். கருவியில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஐந்தையும் ஓட்டிப் பார்த்து, விடை மாறினால் ஆவணத்தைத் திறக்காமல் வெளியிடுவதில்லை என்று குழுவில் முடிவாயிற்று. அமைச்சரவை ஆணைகளையும் சேமிக்கத் தொடங்குகிறோம். அமைச்சக ஆணைகள் இப்போதைக்கு இல்லை. "இல்லை" என்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

காலாவதி என்ற சொல் கையேட்டில் 17 இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் நீக்கினேன். நீக்கும்போது, ஆறு இடத்தில் நானே எந்தப் பொருளில் எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை.

இன்று காலை புதிய திறவுகோலுடன் பிரிவு 235ஐ இரண்டு முறை கேட்டேன். 2025 மே 31 என்று கேட்டதற்குச் சோஎகி வந்தது, ஜூன் 1 என்று கேட்டதற்குக் கோகின்கெய் வந்தது. இரண்டிலும் பதிப்பின் நாள் தலைப்பில் இருந்தது. கடன் வட்டிக் கேள்விக்கு ஏஜென்ட் துணை விதிகளைத் தானே கேட்டு வாங்கி, 5 சதவீதம் என்று எழுதியது. தீச் சட்டம் மட்டும் இன்னும் நிற்கிறது. பிரிவு எண்ணைக் கட்டாயம் அல்லாததாக்கும் மாற்றம் திங்கட்கிழமை வருகிறது. அன்று ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.